உங்கட விருப்பம் என்ற இருவரும் இரண்டு பழ வாசனைகளும்

நான் வேலை செய்த கடையின் வாசனைப் பகுதியில் இப்போது ஆள் உயரத்துக்கு ஒரு திரை நிற்கிறது. அதன் முன்னால் நின்று விரலால் தொட்டால் அது கேள்வி கேட்கும். நீங்கள் காடா கடலா, காலையா மாலையா, பட்டா பருத்தியா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஒரு போத்தலின் படத்தைக் காட்டும். என்னோடு வேலை செய்த சப்ரினா போன கிழமை தொலைபேசி எடுத்து இதைச் சொல்லிச் சிரித்தாள். ஒரு பெண்மணி எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாராம். திரை காட்டிய போத்தலை மணந்தும் பார்த்தாராம். பிறகு பக்கத்துப் போத்தல் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு சப்ரினாவிடம் வந்து, "இப்போது இரண்டாகிவிட்டதே" என்றாராம்.

"மலர், இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆளை நீ என்ன செய்வாய்?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமா அது? இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வைத்துத்தானே நான் பென்ஷன் வரைக்கும் சாப்பிட்டேன். ஆகவே எழுதுகிறேன். சப்ரினாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் கொஞ்சம் சுதந்திரமாகவே எழுதலாம்.

சுவிஸின் பாடன் நகரத்தில், லிம்மாட் ஆற்றை நோக்கி இறங்கும் தெருவில், உடுப்பிலிருந்து சட்டிபானை வரை எல்லாம் விற்கும் ஒரு பெரிய கடை. அதன் கீழ்த்தளத்தில், கதவைத் தள்ளியதும் மூக்கில் அறைகிற இடம் எங்களுடையது. இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு இந்தக் கடையின் தரையைக் காலையில் துடைக்க வந்தவள் நான். ஒரு மார்கழி மாதம், வாசனைப் பகுதியில் நின்ற ஒரு பிள்ளை பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பரிசுப் பொதி கட்ட ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பொதி கட்ட வராது. ஒட்டுநாடா என் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பொதியும் கட்டி முடிய நேரம் எடுத்ததால், அதுவரைக்கும் ஆட்களோடு கதைக்க வேண்டியிருந்தது. அந்தக் கதைக்காகவே சிலர் திரும்பி வந்தார்கள். பொதியால் கிடைத்த வேலை வாயால் நிலைத்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

மிச்சத்தை வாடிக்கையாளர்களின் வாயிலிருந்து படித்தேன். வாசனையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் சொல்லாததை எல்லாம் ஆட்கள் நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வயதான அம்மா ஒரு போத்தலை மணந்துவிட்டு, "இது என் கதிரையில் வேறு யாரோ இருந்துவிட்டுப் போன வாசம்" என்றார். ஒரு பஸ் சாரதி, "இது ரிக்கற் எடுக்காமல் ஏறுகிற ஆளின் வாசம்" என்றார். கோயிலுக்குப் போட ஒன்று கேட்டு வந்த எங்கள் ஆச்சி ஒருவர், தேர்ந்தெடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு போனால் ஐயர் மந்திரத்தை விட்டிட்டு நிமிந்து பாப்பார் பிள்ளை, வேண்டாம்" என்றார். எனக்குச் சம்பளத்தைவிட இவை பெரிது. இரவு சமைக்கும்போது என் மனுசனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் வெங்காயம் வெட்டியபடி, "இண்டைக்கு என்ன வாசம்?" என்று கேட்டுத்தான் கதையைத் தொடங்கிவைப்பார்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஃப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர். உயரமான மனுசி. கண்ணாடி சங்கிலியில் தொங்கும், கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சிரித்து விற்பது அவருக்குப் பிடிக்காது. எப்போதும் ஒரே வாசனைதான் போடுவார். பச்சைப் போத்தலில் வருகிற, பாசியும் மையும் கலந்த மாதிரி ஒன்று. அவர் வருவதற்கு முன்னால் அது வரும், வந்து நிமிர்ந்து நிற்கும். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்ற முதல் நாளே, வந்த ஒரு பெண்மணியிடம் மூச்சு விடாமல் கதைத்ததைக் கேட்டுக்கொண்டு நின்றவர், அந்தப் பெண்மணி போன பிறகு என் காதருகே குனிந்து, "நிட் ரேடே. லுவெகே" என்றார். பேசாதே, பார். அவ்வளவுதான் பாடம்.

எதைப் பார்ப்பது? கையை. ஆட்களின் வாய் ஒன்றைச் சொல்லும், கை இன்னொன்றை மூக்குக்குக் கொண்டுபோகும். இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு வாசனை அடித்துவிட்டு வேறு ஏதாவது கதைத்துக்கொண்டிருந்தால், தானாக மேலே எழும்புகிற கை எது என்று தெரியும். அதைப் பார்க்க வேண்டும். "எது பிடிக்கிறது?" என்று மட்டும் கேட்கக் கூடாது என்பார் ஃப்ராவ் கெல்லர். அப்படிக் கேட்டால் ஆட்கள் பரீட்சைக்கு வந்ததுபோல் ஆகி, சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்களாம்.

அதற்கென்று ஒரு ஒழுங்கும் வைத்திருந்தார். முதலில் கடதாசிக் கீற்று. ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஒருமுறை அடிக்க வேண்டும், இரண்டு தரம் ஆட்ட வேண்டும், மூக்கில் முட்டாமல் பிடித்து மணக்க வேண்டும். கீற்றில் தோற்றது தோலுக்குப் போகாது. தோலுக்குப் போனதை மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்துத் தேய்க்கக் கூடாது. எங்கள் ஆட்கள் எல்லாரும் தேய்ப்பார்கள், திருநீறு பூசுவதுபோல. ஃப்ராவ் கெல்லர் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூக்குக் களைத்துப்போனால் சில கடைகளில் கோப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். எங்களிடம் அது கிடையாது. சொந்தச் சட்டைக் கையை மணந்து பார்க்கச் சொல்வார். அதுதான் மூக்குக்கு வீடு, வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும் என்பார்.

கடைசியாக, வெளியே அனுப்ப வேண்டும். ஆற்றங்கரைக்கு இறங்கி, பழைய மரப்பாலத்தைத் தாண்டித் திரும்பி வரச் சொல்வோம். பழ வாசனை கேட்கிறவர்களைக் கட்டாயம் அனுப்புவோம். ஏனென்றால் பழ வாசனைகள் வாயாடிகள். மாம்பழம், அன்னாசி, லைச்சி, கசிஸ் என்று எதுவாக இருந்தாலும் முதல் நிமிடத்தில் கூடையோடு வந்து மேலே கொட்டும். பாலத்தின் நடுவுக்குப் போவதற்குள் பழம் எல்லாம் போய், அடியில் இருந்த மரமோ, வனிலாவோ, கஸ்தூரியோ மெல்ல வெளியே வரும். "பழம் கதவைத்தான் திறந்துவிடும், வீட்டில் இருப்பது வேறு ஆள்" என்பது ஃப்ராவ் கெல்லரின் வாசகம். பாலத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வோம்: ஆற்றின் வளைவில் இருக்கும் வெந்நீர்க் குளியல் பக்கம் போகவேண்டாம். அங்கே தண்ணீரில் கந்தகம். அவிந்த முட்டை மணம். அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்கு உலகத்தில் எந்த வாசனையும் விற்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டுக்கு நடுவில் நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஃப்ராவ் கெல்லரிடம் ஒரு கள்ள வேலை இருந்தது. இரண்டு போத்தலில் ஒன்றைச் சட்டென்று எடுத்து, "மன்னிக்க வேண்டும், இது கடைசிப் போத்தல், ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார்" என்று கவுண்டருக்குக் கீழே வைத்துவிடுவார். முகம் விழுந்தால் அதுதான் வேண்டிய போத்தல். உடனே, "பாருங்கள், இன்னொன்று இருக்கிறது" என்று வெளியே எடுப்பார். முகம் விழாவிட்டால் மேலே இருப்பதைப் பொதி கட்டலாம். பொய் சொல்லாத சுவிஸ் மனுசி, தன் வாழ்நாள் பொய்களை எல்லாம் இந்த ஒரு வேலைக்காகச் சேமித்துவைத்திருந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த வித்தை பிடித்துப்போனது. தேவை இருக்கிறதோ இல்லையோ, செய்து பார்ப்பேன். ஒருமுறை மனைவிக்கு வாங்க வந்த ஒரு மனிதரிடம் செய்தேன். அவர் முகம் விழவில்லை, பளிச்சென்று மலர்ந்தது. "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டு மற்றதை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எங்கள் ஆட்களிடம் அந்த வித்தை எடுபடவில்லை. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பாடனில் வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிற பரமேசு அக்காவை எனக்குக் கோயிலில் பழக்கம். நல்ல மனம். ஆனால் ஒரு குணம். எதையும் விட்டுக்கொடுப்பார், கொடுத்ததை மறக்கமாட்டார். அன்னதான வரிசையில் தன் இடத்தை யாருக்காவது கொடுத்தார் என்றால், அடுத்த திருவிழா வரைக்கும் அந்தக் கதை ஓடும். அவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தார். கூடவே ஒரு பிள்ளை. அவருடைய இளைய மகனுக்குப் பேசியிருந்த தர்சிகா. ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்தவள், அங்கே ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பரமேசு அக்கா இருக்கும் வீட்டின் மேல்மாடியில் குடியிருப்பதாக ஏற்பாடு.

வந்த விஷயம் கூறைத்தட்டம். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொண்டுபோகும் கூறைச் சேலையோடு, சீப்பு, கண்ணாடி, பவுடர், சென்ற் எல்லாம் தட்டத்தில் அடுக்கி வைப்பார்கள். அந்தச் சென்றைப் பெண்ணிடம் கேட்டு வாங்குகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மாவோ அக்காவோ கண்ணில் பட்டதை வாங்குவார்கள், பெண் அதை அலுமாரியில் வைத்து மறப்பாள். பரமேசு அக்கா புதுமை செய்ய முடிவெடுத்திருந்தார்.

"இவதான் போடப்போறா மலர். இவவே எடுக்கட்டும். நான் சும்மா துணைக்கு வந்தனான்."

"ஐயோ இல்லை அன்ரி, மாமிதான் வாங்கித் தாறா. மாமிக்குப் பிடிச்சது எண்டாச் சரி" என்றாள் தர்சிகா.

எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நான் உற்சாகமாகக் கீற்றுகளை எடுத்தேன். பூ வாசனைகளை இருவரும் தாண்டிவிட்டார்கள். கடைசியில் கவுண்டரில் இரண்டு நின்றன. இரண்டும் பழம், இரண்டும் பலத்த குரல். மஞ்சள் போத்தல் மாம்பழமும் பஷன் பழமும். சிவப்புப் போத்தல் கசிஸ், அந்தக் கறுத்தச் சிறு பழத்தின் புளிப்பு இனிப்பு. பரமேசு அக்காவின் கை மஞ்சள் கீற்றோடு திரும்பத் திரும்ப மேலே போனது. தர்சிகாவின் கை சிவப்போடு. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

"என்ன மாதிரி?" என்றேன்.

"மாமி என்ன சொல்லுறீங்கள்?"

"நான் என்ன பிள்ளை சொல்ல. உம்முடைய விருப்பம்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மாமி. உங்கட விருப்பம்."

"எனக்குச் சிவப்பு நல்லாயிருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் மாமி, மஞ்சளை மணந்தபடி.

"ஐயோ, நான் மஞ்சள் எண்டெல்லோ நினைச்சனான்" என்றாள் மருமகள், சிவப்பை விடாமல்.

சரி, பாலத்துக்கு அனுப்பினேன். போய்விட்டு வந்தார்கள். பரமேசு அக்கா வழியில் தெரிந்த ஒருவரைக் கண்டு குளியல் பக்கம் போய் நின்று கதைத்திருக்கிறார். "ரெண்டும் முட்டை மணக்குது மலர். ஆனா நல்ல முட்டை" என்றார். எதையும் பழுது சொல்லாமல் இருக்க அவர் அன்று பட்ட பாடு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இனிக் கள்ள வேலைதான் என்று முடிவு செய்தேன். மஞ்சளை எடுத்து, "இது கடைசிப் போத்தலாம், ஒராள் சொல்லிவைச்சிருக்கிறார்" என்று கீழே வைத்தேன். பரமேசு அக்காவின் முகம் விழுந்தது. ஆனால் தர்சிகா என்னைப் பார்க்கவில்லை, போத்தலைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்ரி, வேற கிளையிலை இருக்கோ எண்டு கேளுங்கோ. நாங்கள் காத்திருப்பம். மஞ்சள்தான் வேணும்" என்றாள். நான் விடவில்லை. மஞ்சளை வெளியே எடுத்து, சிவப்பைக் கீழே வைத்தேன். இப்போது மருமகளின் முகம் விழுந்தது. மாமி அதைக் கண்டுவிட்டார். "சிவப்பு இல்லாமல் நான் இந்தக் கடையை விட்டுப் போகமாட்டன்" என்றார். இரண்டு பேருக்கும் மற்றவர் விரும்புவது எது என்று இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. ஆகவே இரண்டு பேரும் தாங்கள் விரும்பாததற்காக முன்பைவிட உறுதியாகப் போராடத் தொடங்கினார்கள். வித்தை கற்றுத்தந்த ஃப்ராவ் கெல்லர் தூணருகே கைகளைப் பின்னால் கட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கிடையில் பரமேசு அக்காவுக்கு மகனிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் தள்ளிப் போனதும் தர்சிகா கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அன்ரி, நான் இண்டைக்கு எதை எடுத்தாலும் அது கதையாகும். மூத்த மருமகள் அக்கா ஏன் தூரத்துக் கூர் நகருக்குப் போனவா தெரியுமோ? ஒரு சோபா. மாமி, உம்முடைய விருப்பம், உம்முடைய விருப்பம் எண்டு எடுக்க விட்டிட்டு, பிறகு அதிலை இருக்கிற நேரமெல்லாம் பெருமூச்சு விட்டவாவாம். எனக்கு அந்த மேல்வீடு பிடிச்சிருக்கு. மாமியையும் பிடிச்சிருக்கு. பெருமூச்சுத்தான் பயம்."

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் பரமேசு அக்கா திரும்பி வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"மலர், இந்த முறை நான் வாய் திறக்கப்போறதில்லை. பிள்ளையாருக்கு நேந்துகொண்டு வந்தனான். மூத்தவள் ஒரு சோபாவுக்காக என்ரை பிள்ளையைக் கூருக்குக் கொண்டுபோட்டாள். சோபாவையும் கொண்டுபோட்டாள். இனி இருக்கிறது ஒருத்தன்தான். இந்தப் பிள்ளை எதை எடுத்தாலும் நான் நல்லது எண்டுதான் சொல்லப்போறன்."

நான் என்ன செய்வது? ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே சோபாவுக்குப் பயந்து, ஒருவரை ஒருவர் அதே சோபாவில் பிடித்து இருத்திக்கொண்டிருக்கிறார்கள். இப்படியே ஒரு போத்தலோடு வெளியே போனார்கள் என்றால், மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் முதல் பெருமூச்சு கூறைத்தட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஆட்களுக்குத் தங்கள் விருப்பத்தைச் சொல்லத்தான் கூச்சம். குறை சொல்லக் கூச்சமே கிடையாது. தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டால் "ஏதெண்டாலும்" என்பார்கள். குடித்த பிறகு அதில் என்ன பிழை என்று கேட்டால் வாய் மூடாது. இத்தனை வருடமும் ஆட்களின் கதையைக் கேட்டுச் சிரித்தவள், இதை ஏன் யோசிக்கவில்லை?

குறை சொல்ல ஒன்று வேண்டும். இருவருக்கும் சொந்தமில்லாத ஒன்று. என் கை தானாகப் பச்சைப் போத்தலுக்குப் போனது. ஆம், ஃப்ராவ் கெல்லருடைய அதே வாசனை. தர்சிகா திரும்பி வந்ததும், கீற்றில் அடித்து இருவருக்கும் நடுவில் நீட்டினேன்.

"சும்மா ஒருக்கா மணந்து பாருங்கோ. இதிலை என்ன பிழை எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

பரமேசு அக்கா மணந்தார். பிள்ளையாருக்கு நேர்ந்தது இந்தப் போத்தலைப் பற்றி அல்லவே. அடைத்து வைத்திருந்த மதகு திறந்தது. "இது என்ன, மழையிலை நனைஞ்ச சப்பாத்தோ?"

"இல்லை மாமி, இது கெமைண்டக் கந்தோர், நகரசபை. விசாக் காட் மாத்தப் போனா இப்பிடித்தான் மணக்கும்."

"சரியாச் சொன்னீர். அங்கை கண்ணாடிக்குப் பின்னாலை ஒரு மனுசி இருக்கும், சிரிக்காது. அதின்ரை வாசம்."

"இதைப் போட்டவவோட லிஃப்ற்றிலை போகேலாது மாமி."

"போனாலும் கதவு திறக்குமட்டும் சுவரைத்தான் பாக்கோணும்."

இருவரும் ஒரே கீற்றின் மேல் குனிந்து, தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ராவ் கெல்லர் தன் வாசனையைக் கண்டுகொண்டு அருகில் வந்துவிட்டார். "என்ன சொல்கிறார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மிக ஆழமாக ஆராய்கிறார்கள்" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையசைத்து, சிரிக்காமல் நின்றார். பரமேசு அக்கா அவரை ஒருமுறை பார்த்தார், கீற்றை ஒருமுறை மணந்தார், மருமகளின் விலாவில் முழங்கையால் இடித்தார். தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவள் கையில் மஞ்சள் கீற்றை வைத்தேன். "இதிலை என்ன பிழை?"

"இது கார்க் கண்ணாடியிலை தொங்கவிடுற வாச மட்டை" என்றாள், அதே சிரிப்போடு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்று அவளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது. பரமேசு அக்காவின் சிரிப்பும் நின்றது. மேல்மாடி, கீழ்வீடு, கூர், எல்லாம் அந்தக் கவுண்டரில் என் கண்முன்னால் கிடந்தன. நான் தலையிட்டிருந்தால் கெடுத்திருப்பேன். வாயாடியான நான் என் வேலைக்காலத்தில் ஒரேயொரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

பரமேசு அக்கா கையை நீட்டி, சிவப்புக் கீற்றைத் தானே எடுத்தார். நன்றாக இழுத்து மணந்தார்.

"இது இருமல் மருந்து" என்றார். "எங்கட இல்லத்திலை கிழவருக்குக் குடுக்கிறது. வாயைத் திறவுங்கோ, வாயைத் திறவுங்கோ எண்டு கெஞ்சிக் குடுக்கிறது. அதே மணம்."

"அப்ப ஏன் மாமி நல்லாயிருக்கு எண்டனீங்கள்?"

"நீர் ஏன் கார் மட்டையை நல்லாயிருக்கெண்டனீர்?"

இருவரும் கவுண்டரைப் பார்த்தார்கள். "சோபா" என்றாள் தர்சிகா, மிகச் சின்னக் குரலில்.

பரமேசு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"அந்தச் சோபா நடு முதுகிலை குத்தும் பிள்ளை" என்றார். "கடையிலை இருந்து பாத்தபோதே குத்தினது. நான் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தா அக்கா வேற எடுத்திருப்பா மாமி."

"ஓம்" என்றார் அவர்.

தர்சிகா சிவப்புப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நான் இதைத்தான் எடுக்கப்போறன் மாமி. எனக்கு இது பள்ளிக்கூட விடுமுறையிலை குடிக்கிற சிரப் மாதிரி."

"எடும். ஆனா எனக்கு இருமல் மருந்துதான் மணக்கும். மணக்குது எண்டு நான் சொல்லுவன். ஒவ்வொரு நாளும் சொல்லுவன். பிறகு முகத்தைத் தூக்கக் கூடாது."

"சொல்லுங்கோ. என்னட்டைச் சொல்லுங்கோ. கோயில்லை சொல்லாதேங்கோ."

பரமேசு அக்கா இதை நேர்மையாக யோசித்தார். "கோயில்லை கொஞ்சம் சொல்லுவன்" என்றார்.

"கொஞ்சமெண்டாச் சரி."

நான் பொதி கட்டினேன். ஒட்டுநாடா வழக்கம்போல் விரலில் ஒட்டியது. அவர்கள் போன பிறகு ஃப்ராவ் கெல்லர் என்னருகே வந்து நின்றார். பச்சைக் கீற்று இன்னும் கவுண்டரில் கிடந்தது.

"அந்த ஆராய்ச்சியின் முடிவு என்ன?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கற்றுத்தந்த கள்ள வேலை தோற்றதை அவர் நேரில் பார்த்தவர். ஆகவே நனைந்த சப்பாத்தை விட்டுவிட்டு, கெமைண்டக் கந்தோரை மட்டும் மொழிபெயர்த்தேன். ஃப்ராவ் கெல்லர் கீற்றை எடுத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒழுங்காக இரண்டு தரம் ஆட்டி மணந்தார். "என் கணவரும் இதைத்தான் சொன்னார்" என்றார். அடுத்த திங்கட்கிழமை அதே வாசனையோடுதான் வேலைக்கு வந்தார். ஆனால் இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வந்தால் அதற்குப் பிறகு போத்தலை ஒளிக்கவில்லை. "இரண்டிலும் என்ன பிழை?" என்று கேட்கத் தொடங்கினார். சுவிஸ் ஆட்களிடம் அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. அவர்கள் யோசித்து, ஒரு பிழையும் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே சப்ரினாவுக்கு நான் இதைச் சொல்லிப் பயனில்லை. அவள் திரையோடு சமாளிக்கட்டும்.

நான் பென்ஷன் எடுத்த பிறகு ஒருநாள் காலை, பரமேசு அக்கா வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேன். கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "வருது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில்தான் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. தர்சிகா வேலைக்குப் புறப்பட்டு, எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை, இண்டைக்கும் அதே கண்டறியாத மருந்து" என்றார் பரமேசு அக்கா, முகத்துக்கு நேரே.

"ஓம் மாமி" என்றாள் அவள், என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

"மலர், உமக்கு ஒண்டு சொல்லோணும்" என்று மாமியார் என் பக்கம் திரும்பினார். "போன மாதம் ஒருநாள் மணக்கேல்லை. எனக்குத் தேத்தண்ணி இறங்கேல்லை. மேலை ஏறிப் போய்ப் பாத்தா, பிள்ளைக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறா. நான்தான் கஞ்சி வைச்சுக் குடுத்தனான்."

தர்சிகா வாசலில் நின்றபடி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "மாமி, போத்தல் முடியப்போகுது. இந்த முறை உங்களுக்காக மஞ்சளை எடுத்துப் பாப்பமோ எண்டு யோசிக்கிறன்."

பரமேசு அக்கா கோப்பையை மேசையில் வைத்தார்.

"உந்த விட்டுக்குடுக்கிற விளையாட்டெல்லாம் என்னோட வேண்டாம். சிவப்பையே எடும். காலமை எழும்பினா எனக்கும் குறை சொல்ல ஏதாவது வேணும்."